30 கிமீ வேகத்திலேயே 64-க்யூஏஎம் உடைகிறது: ஏற்காடு மலைப்பாதை ஓஎஃப்டிஎம் இணைப்புக்கு எந்த ஈக்வலைசர்?

கொண்டைஊசி20:
வணக்கம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் ஓடும் வண்டியில் டிரான்ஸ்மிட்டர், மேலே லேடீஸ் சீட் காட்சிமுனை பக்கம் ரிசீவர். இணைப்பு ஓஎஃப்டிஎம், அதாவது டேட்டாவைப் பல குறுகிய சப்கேரியர்களில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புவது. பரிசோதனை உரிமம் வாங்கியாயிற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ், சாம்பிள் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ், 1024 புள்ளி எஃப்எஃப்டி (சிக்னலைச் சப்கேரியர்களாகப் பிரிக்கும் கணக்கு), சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் (எதிரொலியைத் தாங்கச் சிம்பலின் வாலையே தலையில் ஒட்டுவது) 64 சாம்பிள். உபயோகத்தில் 832 சப்கேரியர், அதில் 13-க்கு ஒன்று பைலட் (சேனலை அளக்க இரு முனைக்கும் முன்பே தெரிந்த மதிப்பு), ஆக 64 பைலட். சேனல் செய்யும் மாற்றத்தைத் திருத்தும் ஈக்வலைசர் சாதாரண ஒற்றை டேப்: சேனல் மதிப்பால் வகுப்பது, அவ்வளவுதான்.

வண்டி நின்றால் 64-க்யூஏஎம் (சப்கேரியருக்கு 6 பிட்), 3/4 கோடிங் (நான்கு பிட்டில் மூன்று டேட்டா) சுத்தமாக வருகிறது. 30 கிமீ வேகத்தில் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பவரை 6 டெசிபெல் ஏற்றினாலும் அதே பிழை. 16-க்யூஏஎம்முக்குப் பிரச்சினை இல்லை. முழு எம்எம்எஸ்ஈ (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைக்கும் ஈக்வலைசர்) போட்டால் தீரும் என்று தெரியும். ஆனால் 1024-இன் கனம் என்பது 100 கோடிக்கு மேல், அதுவும் 1.088 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் நடக்காது. குறைந்த கணக்கில் என்ன செய்யலாம்?

மாக்னசைட்_மேடு:
பவரை ஏற்றியும் பிழை குறையவில்லை என்றால் அங்கே குறுக்கே நிற்பது நாய்ஸ் இல்லை, உங்கள் சிக்னலேதான். சிம்பல் ஓடும் நேரத்துக்குள்ளேயே சேனல் மாறுகிறது, சப்கேரியர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பது கெடுகிறது, பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வருகிறது. அதுதான் ஐசிஐ, சப்கேரியர்களுக்கு இடையேயான குறுக்கீடு.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். 30 கிமீ என்றால் நொடிக்கு 8.33 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் உச்ச டாப்ளர் (வேகத்தால் வரும் ஃப்ரீக்வென்சி நகர்வு) 67 ஹெர்ட்ஸ். சிம்பல் நீளம் 1.024 மில்லிசெகண்ட். இரண்டையும் பெருக்கினால் 0.068. இதை π-ஆல் பெருக்கி, வர்க்கப்படுத்தி, மூன்றால் வகுத்தால் ஐசிஐயின் உச்ச வரம்பு கிடைக்கும்: 0.0153, அதாவது மைனஸ் 18 டெசிபெல். எல்லாத் திசையிலிருந்தும் சமமாகச் சிதறி வரும் ஜேக்ஸ் மாடல் சேனலுக்கு இதில் பாதி, மைனஸ் 21. 64-க்யூஏஎம் 3/4-க்கு 20 டெசிபெல் பக்கம் வேண்டும். எனவே நீங்கள் பார்ப்பது கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஈக்வலைசரைத் தொடும் முன் ஒரு சோதனை. டேட்டா சப்கேரியர்களுக்கு நடுவே பத்துப் பதினைந்தை வெறுமையாக விடுங்கள். ரிசீவரில் அந்த இடங்களில் என்ன பவர் இருக்கிறது, பக்கத்து டேட்டாவைவிட எத்தனை டெசிபெல் கீழே என்று அளங்கள். நின்ற வண்டியில் ஒரு அளவு, 15 கிமீயில் ஒன்று, 30 கிமீயில் ஒன்று. உண்மையான டாப்ளர் என்றால் வேகம் இரட்டித்தால் கசிவு 6 டெசிபெல் ஏறும். நின்ற வண்டியிலும் அதே கசிவு இருந்தால் குற்றவாளி வேறு ஆள்: ஃபேஸ் நாய்ஸ் (ஆசிலேட்டர் நடுக்கம்), ஏஜிசி (கெயினைத் தானாக மாற்றும் பகுதி), பவர் ஆம்ப்ளிஃபையர் கிளிப்பிங் (சிக்னல் உச்சம் வெட்டுப்படுவது) இவற்றில் ஒன்று. கிளிப்பிங்கா என்று பார்க்க டிரான்ஸ்மிட் பவரை 3 டெசிபெல் இறக்கினாலே போதும். கசிவு சட்டென்று விழுந்தால் அதுதான்.

அப்புறம், எஃப்எஃப்டியை 256 ஆக்க முடியுமா? சிம்பல் 256 மைக்ரோசெகண்ட் ஆகும், அதே வேகத்தில் ஐசிஐ வரம்பு மைனஸ் 30-க்குப் போய்விடும். ப்ரிஃபிக்ஸ் 16 சாம்பிள் வைத்தால் 16 மைக்ரோசெகண்ட், அதாவது 4.8 கிமீ அதிகப் பாதை வரை தாங்கும். எதிர் மலைச்சரிவிலிருந்து வரும் எதிரொலிக்கு அது தாராளம். உங்கள் இப்போதைய 64 மைக்ரோசெகண்ட் ப்ரிஃபிக்ஸ் 19 கிமீக்குத் தாங்கும். இந்த மலையில் அதற்கு வேலையே இல்லை. விகிதம் இரண்டிலும் ஒன்றேதான், 17-இல் ஒரு பங்கு. எனவே இழப்பும் கிடையாது. வேகமாக மாறும் சேனலுக்கு முதல் மருந்து சிம்பல் நீளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. ஈக்வலைசர் இரண்டாவதுதான்.

சில்வர்ஓக்:
மேலே சொன்ன சோதனைக்கு முன்னாலும் ஒரு படி இருக்கிறது. இரண்டு ரேடியோவையும் கேபிளில் கட்டி, நடுவில் 60 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டு, அதே வெற்று சப்கேரியர் அளவை எடுங்கள். அதுதான் உங்கள் கருவியின் சொந்தக் கசிவு. அதற்குக் கீழே எந்த ஈக்வலைசரும் கொண்டுபோகாது.

ஆசிலேட்டர் என்ன? 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழை என்றால் 2,400 ஹெர்ட்ஸ். உங்கள் சப்கேரியர் இடைவெளியே 977 ஹெர்ட்ஸ்தான். 67 ஹெர்ட்ஸ் டாப்ளரைத் துரத்தும்போது ஆசிலேட்டர் பிழை அதைப் போலப் பல மடங்காக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஃப்ரேம் தொடக்கத்திலும் அதைத் திருத்துகிறீர்கள் என்றாலும், அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஏழெட்டு டிகிரி வெப்ப வித்தியாசம் இருக்கிறது, ஏற ஏற டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்துக்கு ஈடுகட்டும் ஆசிலேட்டர்) நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே இருக்கும் ரிசீவருக்காவது ஜிபிஎஸ்ஸால் கட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கொடுங்கள்.

இன்னும் முக்கியம்: அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய 180 டிகிரி திரும்புகிறது. ரிசீவரை நோக்கி வந்துகொண்டிருந்த வண்டி வளைவு முடிந்ததும் விலகிப் போகும். நேர்ப்பாதையின் டாப்ளர் பிளஸ் 50 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து மைனஸ் 50-க்கு ஐந்தாறு நொடியில் போய்விடும். உங்கள் ஃப்ரீக்வென்சி டிராக்கர் பத்து நொடி சராசரியில் ஓடினால் வளைவு முடிந்தும் பழைய திசையையே பிடித்துக்கொண்டிருக்கும். 100 ஹெர்ட்ஸ் தவறு என்பது சப்கேரியர் இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு, அதுவே மைனஸ் 15 டெசிபெல் ஐசிஐ. சராசரியை 50 சிம்பலுக்குள் அடக்குங்கள்.

நேர்ப்பாதை வலுவாக இருக்கும் இடத்தில் அதன் டாப்ளர் விரிவு ஆகாது, வெறும் நகர்வுதான். எஃப்எஃப்டிக்கு முன்னால், டைம் டொமைனில், எதிர்ச்சுழற்சி கொடுத்தால் அந்தப் பங்கு முழுதாகக் காணாமல் போகும். சாம்பிளுக்கு ஒரே ஒரு பெருக்கல். மிச்சம் இருப்பது பாறையிலும் மரத்திலும் பட்டு வருவது மட்டும்.

ஏஜிசியையும் பாருங்கள். சிம்பல் நடுவே கெயின் 1 டெசிபெல் படி தாவினால், அது வெற்று சப்கேரியர்களில் அச்சு அசலாக வேகச் சேனல் போலவே தெரியும். ஃப்ரேம் தொடக்கத்தில் கெயினைப் பூட்டி, ஃப்ரேம் முடியும் வரை தொடக்கூடாது. சாம்பிள் தவறுவதும் இதே வேடம் போடும். உங்கள் ரேடியோ யூஎஸ்ஆர்பி வகை சாஃப்ட்வேர் ரேடியோ என்றால் டெர்மினலில் ‘ஓ’ என்று எழுத்து விழும். ஒரு ‘ஓ’ விழுந்த ஃப்ரேமை அளவிலிருந்து தூக்கிவிடுங்கள்.

ஓமலூர்_சிக்னல்:
இங்கேயே ஒரு கேள்வி. என்எச் 44-இல் 100 கிமீ வேக வண்டிகளுக்கு 802.11p வகை (வண்டிகளுக்கான வைஃபை) ரேடியோ, 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம். எங்களுக்கும் நீளப் பாக்கெட்டின் வால் பகுதி உடைகிறது. இதே ஐசிஐ ஈக்வலைசர் உதவுமா?

மாக்னசைட்_மேடு:
உதவாதுங்க. உங்களுடையது வேறு நோய். டாப்ளர் சுமார் 550 ஹெர்ட்ஸ், ஆனால் உங்கள் சிம்பலின் பயன் நீளம் 6.4 மைக்ரோசெகண்ட்தான். பெருக்கினால் 0.0035, ஐசிஐ மைனஸ் 44 டெசிபெல். அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். சிம்பலுக்குள் சேனல் அசையவில்லை. பாக்கெட்டுக்குள் அசைகிறது. க்யூபிஎஸ்கே (சப்கேரியருக்கு 2 பிட்) 1/2-இல் 1000 பைட் அனுப்ப 167 சிம்பல், 1.3 மில்லிசெகண்ட் ஆகும். சேனல் ஒரே மாதிரி நிற்கும் நேரமோ 0.423 வகுத்தல் டாப்ளர் என்ற வழக்கப்படி 0.8 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பாக்கெட் தலையில் ஒரே முறை எடுத்த சேனல் மதிப்பு வாலுக்குப் போகும்போது காலாவதி.

நான்கு பைலட் ஃபேஸை மட்டும் திருத்தும், 52 சப்கேரியரின் வடிவத்தைத் திருத்தாது. முடிவெடுத்த டேட்டாவையே பைலட்டாக வைத்து, பக்கத்து சப்கேரியரோடும் முந்தைய சிம்பலோடும் சராசரி எடுத்து மதிப்பைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் பாக்கெட்டைச் சின்னதாக வெட்டுங்கள். பின்னால் வந்த 802.11bd நடுவழியில் மிட்ஆம்பிள் (சேனலை மறுபடி அளக்க, முன்பே தெரிந்த சிம்பல்) வைப்பது இதற்காகவே.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டாப்ளரையும் சிம்பல் நீளத்தையும் பெருக்கி வரும் எண் 0.01-க்குக் கீழே என்றால் டிராக்கிங், 0.05-க்கு மேலே என்றால் ஐசிஐ. நடுவில் இருந்தால் எந்த க்யூஏஎம் என்பதைப் பொறுத்தது.

கொண்டைஊசி20:
அளந்துவிட்டேன். கேபிளில் மைனஸ் 37. நின்ற வண்டி மைனஸ் 35. 15 கிமீயில் மைனஸ் 25, 30 கிமீயில் மைனஸ் 19. சில்வர்ஓக் சொன்ன எதிர்ச்சுழற்சி போட்டபின் 30 கிமீயில் மைனஸ் 23. 64-க்யூஏஎம் நேர்ப்பாதை தெரியும் இடங்களில் ஓடுகிறது. வளைவுக்குள் பாறை மறைக்கும் இடத்தில் இன்னும் விழுகிறது. 256-க்குப் போக முடியாது. எதிர்முனையில் உள்ள எஃப்பிஜிஏ சிப் 1024-க்கே கட்டியது, பைலட் இடங்களை மட்டும் மாற்றலாம்.

திருமணிமுத்தாறு:
வேகம் இரட்டிக்க 6 டெசிபெல் ஏறியிருக்கிறது. உண்மையான டாப்ளர்தான், ஈக்வலைசருக்கு இப்போது வேலை உண்டு.

அடிப்படை இது. 30 கிமீயில் ஒரு சிம்பலின் நடுவிலிருந்து விளிம்புக்குச் சேனல் ஃபேஸ் அதிகபட்சம் 0.21 ரேடியன் சுழலும். இவ்வளவு சின்ன வளைவை நேர்க்கோடாக எடுத்தால் மிஞ்சும் மாடல் பிழை மைனஸ் 43 டெசிபெல். 60 கிமீக்குக்கூட மைனஸ் 31. எனவே ஒவ்வொரு டேப்புக்கும் (ஒவ்வொரு தாமதத்தில் வரும் பாதைக்கும்) இரண்டே எண் போதும்: சிம்பல் நடுவில் உள்ள மதிப்பு, சரிவு. 1024-க்கு 1024 மேட்ரிக்ஸ் எதையும் நினைவில் கட்டவே வேண்டாம்.

பேண்ட் ஈக்வலைசர் என்று ஒரு வழி நிறையப் பேர் சொல்வார்கள். ஃப்ரீக்வென்சி டொமைன் மேட்ரிக்ஸில் மூலைவிட்டத்துக்குப் பக்கத்து சில கோடுகளை மட்டும் வைத்து, மற்றதை வெட்டி, எல்டிஎல் முறையில் (மேட்ரிக்ஸை முக்கோணங்களாகப் பிரித்து) தீர்ப்பது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோடு வைத்தால் சிம்பலுக்கு 80,000 சொச்சம் கணக்கு, பை 4 தாங்கும். ருஜினி, பனெல்லி, லியூஸ் மூவரும் 2005-இல் காட்டிய வழி. கணக்கு குறைவுதான், ஆனால் வெட்டும்போது என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். நேர்க்கோட்டுச் சரிவின் கசிவு, தூரம் கூடக்கூடத் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகத்தான் குறைகிறது. அது மெதுவான இறக்கம். பக்கத்துக்கு ஒரு கோடு வைத்தால் ஐசிஐயில் 61 சதவீதம் பிடிபடும், இரண்டு வைத்தால் 76, மூன்று வைத்தால் 83. இரண்டு கோட்டுக்கு மிச்சம் 24 சதவீதம் வெளியே நிற்கிறது, ஆக மொத்த லாபம் 6 டெசிபெல்தான். கோட்டைக் கூட்டினால் கணக்கு வர்க்கமாக ஏறும், லாபமோ ஊர்ந்துதான் ஏறும்.

அதைவிட இது எளிது. பெற்ற சிக்னல் என்பது நடு மதிப்பால் பெருக்கிய டேட்டா, கூட்டல் சரிவால் பெருக்கிய டேட்டாவை டைம் டொமைனுக்குக் கொண்டுபோய் மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை ஏறும் சாய்வால் பெருக்கித் திரும்பக் கொண்டுவந்தது. எனவே முதலில் வழக்கமான ஒற்றை டேப்பில் முடிவெடுங்கள். அந்த முடிவைச் சரிவால் பெருக்கி, தலைகீழ் எஃப்எஃப்டி, சாய்வால் பெருக்கு, எஃப்எஃப்டி. வந்ததுதான் ஐசிஐயின் நகல். பெற்ற சிக்னலிலிருந்து கழித்து, மறுபடி ஒற்றை டேப். ஒரு சுற்றுக்கு இரண்டு எஃப்எஃப்டி, பத்தாயிரம் பெருக்கல் பக்கம். எதையும் வெட்டவில்லை. பெரும்பாலும் இரண்டு சுற்றில் நின்றுவிடும்.

எங்கே உடையும்? நடு மதிப்பு ஆழமாக விழுந்த சப்கேரியர்களில். அங்கே முதல் முடிவு தவறு, தவறான நகலைக் கழித்தால் பக்கத்து நல்ல சப்கேரியரும் கெடும். அதனால் கடின முடிவு வேண்டாம். எல்எல்ஆரிலிருந்து (ஒரு பிட் 0-வா 1-ஆ என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்ற அளவு) சராசரி மதிப்பு எடுத்து மென்மையாகக் கழியுங்கள். நம்பிக்கை இல்லாத சப்கேரியர் தானே சுழியத்துக்குப் பக்கம் போய்விடும்.

அதுவும் போதவில்லை என்றால் எல்எஸ்க்யூஆர், சுற்றுச் சுற்றாக லீஸ்ட் ஸ்கொயர்ஸ் தீர்க்கும் முறை, பெய்ஜும் சாண்டர்ஸும் 1982-இல் கொடுத்தது. மேட்ரிக்ஸ் தேவையில்லை, ‘இந்த வெக்டரை மேட்ரிக்ஸால் பெருக்கு’, ‘அதன் ஹெர்மிஷியனால் (கான்ஜுகேட் டிரான்ஸ்போஸ்) பெருக்கு’ என்ற இரண்டு ஃபங்ஷன் போதும். இரண்டும் மேலே சொன்ன எஃப்எஃப்டிகளே. எட்டுச் சுற்றுக்கு இரண்டு லட்சம் பெருக்கல் பக்கம் ஆகும். முழு எம்எம்எஸ்ஈயின் 100 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாக்னசைட்_மேடு:
பேண்ட் முறையை அப்படி ஒதுக்கிவிட முடியாது, திருமணிமுத்தாறு அண்ணா. வெட்டில் 24 சதவீதம் போவது சதுர விண்டோவுக்கு. எஃப்எஃப்டிக்கு முன் டைம் டொமைனில் ஓரம் தாழ்ந்த விண்டோ போட்டால் தூரத்துக் கசிவு மளமளவென்று விழும், இரண்டு கோட்டுக்குள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். ஷ்னைட்டர் 2004-இல் செய்தது அதுதான். சிக்னல் ஆழமாக விழும் ஃபேடில் பேண்ட் எம்எம்எஸ்ஈ நிதானமாக நிற்கும், கழிக்கும் முறை தடுமாறும்.

திருமணிமுத்தாறு:
ஏற்கிறேன். ஆனால் விண்டோ போட்டால் நாய்ஸும் சப்கேரியர்களுக்கு இடையே ஒட்டிக்கொள்ளும், அந்தக் கோவேரியன்ஸை எம்எம்எஸ்ஈக்குள் எழுத வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, விண்டோவால் பயனில்லை என்கிறார்கள். இவர் பாதையில் டாப்ளர் சிறியது, எஃப்எஃப்டி ஏற்கெனவே கையில் இருக்கிறது. இவருக்குக் கழிக்கும் முறையே முதலில்.

கொண்டைஊசி20:
சரிவை எப்படிக் கணிப்பது? பைலட்டிலேயே ஐசிஐ ஏறியிருக்கிறதே.

மாக்னசைட்_மேடு:
உங்கள் பைலட்டை மாற்றாமலே செய்யலாம். முந்தைய சிம்பலின் நடு மதிப்பு, அடுத்த சிம்பலின் நடு மதிப்பு, இரண்டின் வித்தியாசத்தை 0.235-ஆல் பெருக்குங்கள். அந்த எண், நான்கில் ஒன்றை 1024/1088-ஆல் பெருக்கியது. ப்ரிஃபிக்ஸ் நேரத்தை மறந்து 0.25 போட்டால் சரிவு 6 சதவீதம் கூடிவிடும். ஒரு சிம்பல் தாமதம்தான் விலை.

நடு மதிப்பை 12 டேப்புக்கு அடக்குங்கள், 3.6 கிமீ அதிகப் பாதைக்கு அது போதும். 64 பைலட், 12 தெரியாத எண், எனவே சராசரியில் 7 டெசிபெல் கிடைக்கும். பைலட்டில் மைனஸ் 23 ஐசிஐ இருந்தாலும் மதிப்பில் மைனஸ் 30 பிழைதான். முதல் சுற்று முடிந்ததும் பைலட்டிலிருந்தும் ஐசிஐ நகலைக் கழித்து மறுபடி கணியுங்கள்.

832-க்கு வெளியே பைலட் இல்லை என்பதால் வெறும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஓரத்தில் தாறுமாறாகும். மூலைவிட்டத்தில் நாய்ஸ் அளவுக்குச் சிறு எண் கூட்டுங்கள். அந்த மேட்ரிக்ஸ் மாறாதது, ஒரு முறை தலைகீழாக்கிச் சேமித்தால் போதும்.

திருமணிமுத்தாறு:
தாமதம் கூடாது என்றால் பைலட்டைக் கொத்தாக வையுங்கள்: நடுவில் ஒரு பைலட், இரு பக்கமும் இரண்டிரண்டு வெறுமை. 52 இடைவெளியில் 16 கொத்து, மொத்தம் 80 இடம். நடுவும் இரு பக்கமும் ஒன்றொன்றுமாகக் கொத்துக்கு 3, ஆக 48 அளவு, தெரியாதவை 24. வெறுமையில் மிச்சமான பவரைப் பைலட்டுக்கே கொடுக்கலாம், 7 டெசிபெல். ஆனால் 16-க்கும் ஒரே ஃபேஸ் கொடுத்தால் டைம் டொமைனில் ஈட்டி மாதிரி உச்சம் எழும், ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகும். ஃபேஸைக் கலைத்துப் போடுங்கள்.

மேட்டூர்_ஆழம்:
ஓஎஃப்டிஎம்முக்குப் பதில் ஓடிஎஃப்எஸ் மாடுலேஷன் போட்டால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே? இன்னொன்று, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நீருக்கடி ஒலி மோடத்துக்கும் இதே கழிக்கும் முறை சரிவருமா?

திருமணிமுத்தாறு:
2017-இல் வந்த ஓடிஎஃப்எஸ், டேட்டாவை ஃப்ரேம் முழுக்கப் பரப்புகிறது, அதனால் ஃபேடிங் சராசரியாகிவிடும். ஆனால் ஈக்வலைசர் தேவை போகாது, ஒரு சிம்பலுக்குப் பதில் ஃப்ரேம் முழுவதற்கும் தீர்க்க வேண்டும். 30 கிமீக்கு அது வேண்டாம்.

நீருக்கடியில் ஒலி வேகம் நொடிக்கு 1,500 மீட்டர். படகு நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தாலே சிக்னல் 0.067 சதவீதம் சுருங்கும் அல்லது நீளும். கீழ் சப்கேரியருக்கு ஒரு நகர்வு, மேல் சப்கேரியருக்கு வேறு நகர்வு. எனவே முதலில் ரீசாம்பிள் செய்து அந்த நீட்சியை எடுத்துவிட்டு, மிச்ச ஐசிஐக்கு மட்டும் இந்த முறை. ரீசாம்பிளைத் தவிர்த்தால் நேர்க்கோட்டு மாடல் தாங்காது.

கொண்டைஊசி20:
கழிக்கும் முறை, மென்மையான முடிவு, 0.235 எல்லாம் எழுதிவிட்டேன். 30 கிமீயில் வெற்று சப்கேரியர் மிச்சம் மைனஸ் 31. பாறை மறைவில் மட்டும் சில ஃப்ரேம் போகிறது. எல்எஸ்க்யூஆர் போட்டால் நான்காம் சுற்றில் சரியாகி, 20-ஆம் சுற்றில் மறுபடி கெடுகிறது. ஏன்?

திருமணிமுத்தாறு:
அது அதன் இயல்பு. முதல் சுற்றுகள் சேனலின் வலுவான திசைகளைத் தீர்க்கும். பிந்தைய சுற்றுகள் வலுவற்ற திசைகளைத் தோண்டும், அங்கே இருப்பது நாய்ஸ்தான், அதையே பெருக்கிக் கொடுக்கும். சுற்றை 5 முதல் 8-க்குள் நிறுத்துங்கள், அல்லது டேம்பிங் மதிப்பு கொடுங்கள்: நாய்ஸ் திட்டவிலக்கத்தைச் சிக்னல் திட்டவிலக்கத்தால் வகுத்த எண்.

அந்த நாய்ஸ் மதிப்பை நின்ற வண்டியில் அளந்து பூட்டிவிடாதீர்கள். வெற்று சப்கேரியர்களிலிருந்து, ஐசிஐ கழித்தபின், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எடுங்கள். மாடல் பிழையும் அதற்குள் வந்துவிட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் ஆழ ஃபேடில் ஈக்வலைசர் மிகை நம்பிக்கையோடு பெருக்கும், டீகோடருக்குப் போகும் எல்எல்ஆரும் பொய் சொல்லும். இரண்டு டெசிபெல் கூட்டிக் கொடுத்தால் நட்டம் சொற்பம்.

சில்வர்ஓக்:
பாறை மறைவில் நேர்ப்பாதை இல்லாதபோது எதிர்ச்சுழற்சி எதைப் பிடிக்கிறது என்று பதிவு செய்து பாருங்கள். சிதறலில் எது அந்த நொடி பெரியதோ அதற்குத் தாவித் தாவிப் போகும், ஒவ்வொரு தாவலும் புதுச் சரிவைக் கொண்டுவரும். சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் ஒற்றுமை (ப்ரிஃபிக்ஸும் சிம்பல் வாலும் பொருந்தும் அளவு) 0.7-க்குக் கீழே போனால் டிராக்கரைக் கடைசி மதிப்பிலேயே நிறுத்திவையுங்கள், ஏறினதும் விடுங்கள். ப்ரிஃபிக்ஸின் முதல் 12 சாம்பிளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய சிம்பலின் வால் அதில் ஏறியிருக்கும். உங்களுக்கு 64 இருப்பதால் மிச்சம் 52 கையில் நிற்கிறது. இந்த ஒரு இடத்தில் அந்த நீள ப்ரிஃபிக்ஸ் உதவுகிறது.